ஜம்பு புறா: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போன வாரம் ஜம்பு புறாவின் (நம் மலேசியக் காட்டில் வாழும் பழம் தின்னிப் புறா) படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

ஆயர் ஈத்தாம் வாசகி: எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் அத்தி மரத்தில் பச்சைப் புறாக்கள் கூட்டமாக வருகின்றன. சிலவற்றுக்குக் கழுத்து இளஞ்சிவப்பு. ஜம்பு புறாதானே?

இல்லை அக்கா, அது புனாய் என்கிற பச்சைப்புறா. ஊருக்குள் கூட்டமாக வந்தால் அநேகமாக அதுதான். ஆண் புனாய்க்குத் தலை சாம்பல், கழுத்து இளஞ்சிவப்பு, நெஞ்சு ஆரஞ்சு. ஆண் ஜம்புவுக்கு முகம் குங்குமச் சிவப்பு, முதுகு பச்சை, நெஞ்சு வெள்ளை. அந்த வெள்ளையில் ரோஜாச் சாயம் சிந்தியது போல ஒரு திட்டு. வாலடி சாக்லேட் நிறம். பெண்ணுக்கு உடம்பு பெரும்பாலும் பச்சை, முகம் மங்கிய ஊதா.

இத்தனை வண்ணம் இருந்தும் கண்ணில் படாது. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் ஓர் அத்தி மரத்தடியில் இரண்டு மணி நேரம் கழுத்து வலிக்க நின்றேன். பழம் ஒன்று தோளில் விழுந்த பிறகுதான் தலைக்கு நேர் மேலே ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

புக்கிட் ஜாலில்: வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

பட்டர்வொர்த் மாணவர்: புனாய், ஜம்பு இரண்டுமே அத்திப்பழம்தான் தின்கின்றன. அப்புறம் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி தம்பி. வித்தியாசம் வயிற்றில். புனாய் வகைப் புறாக்களின் அரைப்பை (இரையை அரைக்கும் வயிற்றுப் பகுதி) தடித்தது. அத்தி விதையை மாவாக அரைத்துவிடும். ஜம்பு போன்ற பழப்புறாக்கள் பழத்தை முழுசாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, விதையை உடையாமல் வேறிடத்தில் போட்டுவிடும். காட்டில் மரம் நடுகிற வேலையை ஜம்பு செய்கிறது.

செராஸ்: குஞ்சு கிடைத்தால் அரிசி போடலாமா?

குஞ்சை எடுக்காதீர்கள். அரிசியும் வேண்டாம், இது பழம் தின்னி. குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் ஊறும் பாலைத்தான் ஊட்டும். அது உங்களிடம் இல்லை.

பாயான் லெப்பாஸ்: விடியற்காலையில் எங்கள் கொண்டோ கண்ணாடியில் மோதி ஒன்று விழுந்து கிடந்தது. ஏன்?

இது இரவில் பறந்து இடம் மாறும் பறவை. வெளிச்சமும் கண்ணாடியும் ஏமாற்றிவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்துவிட்டால் பகலில், மரங்கள் உள்ள இடத்தில் விடுங்கள். இறக்கை தொங்கினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். பாவம் என்று கூண்டு வாங்கப் போகாதீர்கள்.

ஜெலுத்தோங்: மெர்போக் புறாவைக் கூவப் பழக்குவது எப்படி?

மெர்போக் போட்டிக்காரர்களைக் கேளுங்கள், எனக்குத் தெரியாது.

செந்தூல்: ஜம்பு என்றால் நாவல். திருவானைக்காவில் ஜம்புகேஸ்வரருக்குத் தலமரம் வெண்நாவல். 'நாவல் புறா' என்று தமிழில் சொல்லாமல் மலாய்ப் பெயர் எதற்கு?

ஐயா, சமஸ்கிருதச் சொல்தான் மலாய்க்குப் போனது, சரி. போன இடத்தில் பழம் மாறிவிட்டது. இங்கே ஜம்பு ஆயர் என்றால் ரோஜாக் என்ற பழக்கலவையில் போடும் அந்தத் தண்ணீர்ப் பழம். ஜம்பு பத்து என்றால் கொய்யா. இளஞ்சிவப்புக்கே மலாயில் 'மேரா ஜம்பு' என்றுதான் பெயர். பறவையின் நெஞ்சில் இருப்பதும் அந்த நிறம்தான். 1789-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் கிமெலின் அறிவியல் பெயர் வைத்தபோதும் 'ஜம்பு'வை விடவில்லை.

செந்தூல், மறுபடியும்: நிறத்தை வைத்து என்றாலும் நாவல் பொருந்தும்.

நாவல் பழம் தின்று நாக்கைக் கண்ணாடியில் பாருங்கள். அந்த நிறம் பறவையில் எங்கே?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: குறுக்கிடுகிறேன். பெண்ணின் முகம் ஊதா என்று நீங்கள்தானே மேலே எழுதினீர்கள்?

...ஆமாம். ஆணையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். பெண்ணை வேண்டுமானால் நாவல் என்று கூப்பிடுங்கள். ஆணுக்கு ஜம்புவை விட்டுத் தரமாட்டேன்.

செந்தூல்: பாதி வெற்றி போதும்.

ஈப்போ ரோடு: தமிழ்நாட்டில் பார்க்கலாமா?

முடியாது. தாய்லாந்தின் தெற்கு, நம் மலாய் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, அவ்வளவுதான். தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப் புறா வேறு. அது இங்கேயும் உண்டு.

கெப்போங்: ஜோடி என்ன விலை வரும்?

புக்கிட் ஜாலில்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.