புளிப்பு பீரும் மண்டபத்துத் தீர்ப்பும்

கேள்வி: பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் என் மச்சான் லீவுக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்த புளிப்பு பீராம். படகு ஐஸ் பெட்டியில் நன்றாகப் புதைத்து வைத்து, நண்டு வறுவலோடு ஒரு வாய் குடித்தேன். ஒரே காடி! நம் பனங்கள் ரெண்டு நாள் கிடந்தால் இதே ருசிதான். மீதியை மூடி வைத்துவிட்டேன். புளித்தது வயிற்றுக்கு நல்லது என்று மச்சான் வேறு சொல்கிறார். கெட்டுப்போனதை விற்கிறவன் கெட்டிக்காரனா, வாங்குகிறவன் ஏமாளியா?
– வாசகர் ஒருவர், மண்டபம்

பதில்: தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் கேள்வியே கேட்டிருக்கிறீர்கள். சரி, மேல்முறையீடாக எடுத்துக்கொள்கிறேன்.

லேபிளில் என்ன போட்டிருந்தது? முக்கியமான அந்த ஒன்றை விட்டுவிட்டீர்கள். பெல்ஜியத்தில் பீப்பாயில் புளிக்கிற பீர் ஒரே வகை இல்லை. மேற்கு ஃபிளாண்டர்ஸில் சிவப்பு பீர் உண்டு. ரூசலார ஊரில் 1821-இல் தொடங்கிய ரோடன்பாக் பீர் ஆலை அதற்குப் பேர்போனது. ஆளை விட உயரமான ஓக் தொட்டிகளில் கிடக்கிற அந்த பீரில் லேசான காடிப் புளிப்பு, அதாவது வினிகர் புளிப்பு, இருந்தே ஆகவேண்டும். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியின் சரக்கு லாம்பிக். ஒரு வருஷத்தது, இரண்டு வருஷத்தது, மூன்று வருஷத்தது என்று கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். அதில் காடி தூக்கலாக இருந்தால் குறைதான். ஆக, நீங்கள் குடித்தது சிவப்பு பீர் என்றால் உங்கள் புகார் செல்லாது. கூஸ் என்றால் விசாரிக்க வேண்டியதுதான்.

அடுத்தது ஐஸ் பெட்டி. மீனுக்கு அது சரி. இந்த பீரை 10, 12 டிகிரியில் குடிப்பார்கள். உறைகிற குளிரில் வாசனை எழும்பாது; புளிப்பும் கேஸும் மட்டும்தான் வாயில் நிற்கும். அதன்மேல் மிளகாய் போட்ட நண்டு வறுவல் வேறு! எரிகிற நாக்கில் எந்த ஊர்ப் புளிப்பை ஊற்றினாலும் காடிதான். பிரஸ்ஸல்ஸில் கூஸோடு சிப்பி சாப்பிடுகிறார்கள், ஆனால் அதில் மிளகாய் இல்லை.

இனி ஒரு பாட்டில் கிடைத்தால், அகலமான கண்ணாடி டம்ளரில் கால்வாசி ஊற்றி, முதலில் மோந்து பாருங்கள். தயிர்த் தண்ணி, நீராகாரம் பக்கம் போகிற மெல்லிய புளிப்பு என்றால் லாக்டிக் அமிலம். மூக்கில் குத்தித் தொண்டையைச் சுரண்டினால் அசிட்டிக், அதாவது காடி. நகப்பூச்சு வாடை கடுமையாக அடித்தால் உங்கள் தீர்ப்பு சரி, கொட்டிவிடலாம். மாட்டுத்தொழுவ வாடை, பழைய தோல் வாடை வந்தால் பதற வேண்டாம். அதற்குக் காரணம் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாவ்சன் 1904-இல் அதற்குப் பெயர் வைத்தார். அவர் அதைப் பிடித்ததே நாள்பட வைத்த இங்கிலாந்து பீரில்தான். முதல் வாய்க்குப் புளிப்பைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வாய் போன பிறகுதான் ஓக் மரத்தின் துவர்ப்பும், எலுமிச்சைத் தோல் வாசமும் பிடிபடும். நீங்கள் முதல் வாயோடு மூடி போட்டுவிட்டீர்கள்.

இப்போது கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ரெண்டு நாள் கள்ளின் ருசி உங்களுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தப் பக்கத்தைப் போலீஸ்காரர்களும் படிக்கிறார்கள்.

உங்கள் ஒப்பீடு பாதி தூரம் சரி. சாயல்குடிப் பக்கம் பனையேறி கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது எதற்கு? பாளையிலிருந்து சொட்டுகிற சாறு கலயத்தில் விழுந்த உடனே, அங்கே ஒட்டியிருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு அதைத் தடுத்தால் பதநீர், விட்டுவிட்டால் கள். லாம்பிக்குக்கும் யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. காய்ச்சிய தானியச் சாற்றை ஆழமில்லாத அகலத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். காற்றில் வருவது விழும். மிச்சம், பழைய பீப்பாய்க் கட்டையின் துளைகளில் ஏற்கெனவே குடியிருக்கிறது.

அப்புறம்தான் பாதை பிரிகிறது. பனஞ்சாற்றில் கரைந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரை. நம் வெக்கையில் ஈஸ்ட் அதை ஒரு நாளில் தின்று தீர்த்துவிடும். கலயம் வாய் திறந்து கிடப்பதால் காற்றுக்குப் பஞ்சமில்லை. அசிட்டிக் பாக்டீரியா உள்ளே புகுந்து ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். உங்கள் ரெண்டு நாள் கள்ளின் கதை இதுதான். லாம்பிக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு முளைகட்டாத கோதுமை. சாதாரண ஈஸ்ட்டுக்குச் செரிக்காத மாவுச்சத்து அதில் தங்கிவிடுகிறது; அதைத்தான் பெடியோகாக்கஸ் பாக்டீரியாவும் பிரெட்டனோமைசஸும் மாதக்கணக்கில் உட்கார்ந்து தின்கின்றன. நடுவில் ஒரு கட்டத்தில் பீர் கொழகொழவென்று நூல் இழுக்கும். அந்த நேரத்தில் காட்டியிருந்தால் நானும் உங்கள் கட்சிதான். பிரெட்டனோமைசஸ் அந்தக் கொழகொழப்பையும் தின்று தெளிய வைத்துவிடும். பீப்பாய் மூடியே இருக்கும். மரத்தின் வழியே கசிகிற கொஞ்சக் காற்று அந்த ஈஸ்ட்டுக்குப் போதும், காடி பாக்டீரியா கொழுக்கப் போதாது. காய்ச்சுவதும் குளிர்மாதங்களில் மட்டும், ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. மார்கழியிலும் மின்விசிறி சுற்றுகிற நம் கரையில் இது நடக்காது. எனவே "நம்ம கள்ளுதானே" என்று பெருமையாகச் சொன்னாலும் சரி, இளக்காரமாகச் சொன்னாலும் சரி, ஒத்துக்கொள்ள மாட்டேன்.

விலைக்கு வருவோம். போட்ட பணம் மூன்று வருஷம் முடங்குகிறது. பீப்பாயிலிருந்து ஆவியாகிக் குறைவது ஒரு பக்கம், சரியாக வராத பீப்பாயைக் கொட்டுவது இன்னொரு பக்கம். அந்தச் செலவெல்லாம் உங்கள் பாட்டில் விலையில் இருக்கிறது. அவ்வளவு கொடுக்கலாமா என்பது மச்சானின் பர்ஸ் விஷயம். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். கெட்டுப்போனது என்று சொல்ல மட்டும், ஐஸில் புதைத்த ஒரு வாய் சாட்சி போதாது.

மச்சானுக்கும் ஒரு வார்த்தை. கூஸ் என்றாலும் அதில் ஐந்தாறு சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. மதுபானங்களை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. புளிப்பாக இருப்பதால் அது மருந்தாகிவிடாது. அல்சர் இருக்கிற வயிற்றுக்கு அந்தப் புளிப்பே வம்பு.

மூடி வைத்த மீதிப் பாட்டிலில் இதற்குள் கேஸ் போயிருக்கும், குடிக்க ருசிக்காது. கணவாய் வதக்கும்போது புளிக்குப் பதில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். உப்பை மட்டும் கடைசியில் போடுங்கள்.