ஆசிரியரின் வெளிநாட்டுப் பயணங்களால் உலகப் பார்வை விரிகிறதா?

“ஆசிரியர் ஒருவர் வெளிநாடுகளுக்குச் சென்று வருவதால் அவருடைய உலகப் பார்வை உண்மையிலேயே விரிகிறதா, அல்லது அது வெறும் சுற்றுலாதானா? வகுப்பறையில் அதனால் என்ன மாறுகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியர். விடுமுறைகளிலும் ஆசிரியர் பரிமாற்றத் திட்டங்கள் வழியாகவும் சில நாடுகளுக்குச் சென்று வந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

விரிகிறது, ஆனால் பலரும் எதிர்பார்க்கும் வழியில் அல்ல. பிற நாடுகள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள இன்று யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றைத் தன் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது, அதிலும் தனக்கு வலிக்கின்ற அல்லது தான் வெட்கப்பட வேண்டிய பகுதியை எப்படிக் கையாள்கிறது என்பதைக் கண்ணால் காணக் கிடைத்த வாய்ப்பைத்தான் நான் பயணத்தின் பயனாகக் கருதுகிறேன். அதன் பிறகு எந்தப் பாடநூலைத் திறந்தாலும், இது எங்கிருந்து சொல்லப்படுகிறது என்ற கேள்வி கூடவே எழுகிறது.

முதலில் எழுந்தது வரைபடம் பற்றிய ஐயம். ஜப்பானியப் பள்ளிகளில் பயன்படுத்தப்படும் உலக வரைபடத்தின் நடுவில் பசிபிக் பெருங்கடல் இருக்கும். அமெரிக்கக் கண்டங்கள் வலப்புறமும் ஐரோப்பா இடது ஓரத்திலும் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான், நான் அதுவரை கற்பித்து வந்த வரைபடத்தின் நடுவில் எது இருக்கிறது, அதை அங்கே வைத்தவர் யார் என்று யோசித்தேன். லண்டனில் உள்ள கிரீன்விச் வானியல் ஆய்வகத்தின் முற்றத்தில் பதித்திருக்கும் முதன்மைத் தீர்க்கரேகைக் கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதற்குப் பெரிய வரிசை நிற்கும். (நானும் நின்றேன்.) 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில் வாக்கெடுப்பு நடத்தித்தான் அந்தக் கோடு தேர்ந்தெடுக்கப்பட்டது, உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை அப்போதே கிரீன்விச்சை அடிப்படையாகக் கொண்ட கடல் வரைபடங்களைப் பயன்படுத்தி வந்தது அதற்கு முக்கியக் காரணம். பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டதோடு, 1911 வரை பாரிஸ் நேரத்தையே பின்பற்றியது. இன்றைய செயற்கைக்கோள் கணக்கின்படி சுழியப் பாகைத் தீர்க்கரேகை அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் கிழக்கே செல்கிறது. இதையெல்லாம் கேட்ட பிறகு எந்த மாணவரும் தீர்க்கரேகையை இயற்கை போட்ட கோடு என்று எண்ணமாட்டார்.

என்னை மிகவும் கலங்கடித்த இடம் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டியுள்ள கறுப்பின மக்களின் குடியிருப்புப் பகுதியான சொவேட்டோ. வெள்ளையர் அரசு 1953இல் இயற்றிய பாண்டு கல்விச் சட்டம், கறுப்பினக் குழந்தைகளுக்கெனத் தனியான, வேண்டுமென்றே தரம் தாழ்த்தப்பட்ட கல்வியை நாடெங்கும் நிலைநிறுத்தியது. கணிதம், சமூக அறிவியல் போன்ற பாடங்களை, ஆளும் வெள்ளையரின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில்தான் நடத்த வேண்டும் என்ற ஆணை 1974இல் வந்தது; அந்த மொழி மாணவர்களுக்கு மட்டுமன்றி, அவர்களுடைய ஆசிரியர்கள் பலருக்கும் சரிவரத் தெரியாது. 1976 ஜூன் 16 அன்று பள்ளிச் சீருடையில் ஊர்வலம் புறப்பட்ட ஆயிரக்கணக்கான மாணவர்களை நோக்கிக் காவல்துறை சுட்டது. சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை இன்னொரு மாணவர் கைகளில் ஏந்திக்கொண்டு ஓடும் காட்சியைச் சாம் நசிமா படம்பிடித்தார்; அந்தப் படம் நிறவெறி ஆட்சியின் முகத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. அச்சிறுவனின் பெயரில் 2002இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் ஓர் ஆசிரியர் நிம்மதியாக நின்று பார்க்க முடியாது. பாடநூல், கால அட்டவணை, பயிற்றுமொழி என நாம் நாள்தோறும் கையாளுகின்ற எளிய பொருள்களே அங்கே ஒடுக்குமுறையின் கருவிகளாகத் தெரிகின்றன. மொழிப் பிரச்சினை என்று பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோவதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

கேப் டவுனிலிருந்து படகில் செல்லும் ராபன் தீவில் இதற்கு நேர்மாறான ஒரு கல்விக்கூடம் இயங்கியிருக்கிறது. நெல்சன் மண்டேலா தம்முடைய 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த தீவு அது. அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், கண் கூசும் வெயிலில் கல் உடைத்த அரசியல் கைதிகள் கிடைத்த இடைவேளைகளில் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள்; எழுத்தறியாமல் வந்தவர்கள் எழுத்தறிந்தார்கள், அஞ்சல்வழியில் பட்டம் பெற்றவர்களும் உண்டு. சிறைக்கூடங்களைச் சுற்றிக்காட்டும் பொறுப்பை, அங்கே அடைபட்டிருந்த முன்னாள் கைதிகளே ஏற்று நடத்தியிருக்கிறார்கள். தாம் படுத்துக் கிடந்த தரையைக் காட்டி ஒருவர் சொல்லும் வரலாற்றுக்கும் அதே செய்தியை நான் கரும்பலகையில் எழுதிப்போடுவதற்கும் உள்ள இடைவெளியை எந்தக் கற்பித்தல் உத்தியாலும் முழுமையாக நிரப்ப முடியாது என்பதே என் கருத்து. ஆனால் வகுப்பறைக்குள் சாட்சியின் குரலைக் கொண்டுவர வேண்டும் என்ற முனைப்பாவது அங்கிருந்து திரும்பிய பிறகு வந்தது.

ஹிரோஷிமாவுக்குப் போகும்போது என்ன காணப்போகிறோம் என்பது ஓரளவு தெரிந்துதான் போகிறோம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணி, எரிந்து கூடாக நிற்கும் குவிமாடம், காகிதக் கொக்குகள் எல்லாம் எந்தப் பாடநூலிலும் உண்டு. தீ பரவாமல் தடுப்பதற்காகக் கட்டடங்களை இடித்து அகற்றும் வேலைக்கு அன்று காலை கொண்டுவரப்பட்டிருந்த 12, 13 வயதுப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். இன்னொன்றும் உண்டு. அப்போது ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியாவிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் பிழைப்புத் தேடி வந்தவர்களுமாகப் பல்லாயிரம் கொரியர்கள் அந்த நகரில் குண்டுவீச்சுக்கு ஆளானார்கள். அவர்களுக்கு 1970இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது; 1999இல்தான் அது பூங்காவுக்குள் மாற்றப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் வரலாற்றிலும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இருப்பார்கள் என்பதை எந்தப் பாடத்திலும் தேடிப் பார்க்க அந்த ஒரு கல் போதுமானதாக இருந்தது.

பகைமை பாராட்டிய நாடுகள் தங்கள் பாடநூல்களைத் தாங்களே திருத்திக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மானிய, போலந்து வரலாற்றறிஞர்களையும் புவியியலாளர்களையும் கொண்ட பாடநூல் ஆணையம் பனிப்போர் முடியாதிருந்த 1972இலேயே பணியைத் தொடங்கியது. ஜெர்மனியும் பிரான்ஸும் மேல்நிலை வகுப்புகளுக்காகச் சேர்ந்து எழுதிய வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதி 2006இல் இரு மொழிகளிலும் ஒரே உள்ளடக்கத்தோடு வெளிவந்தது. எத்தனை பள்ளிகள் அதை நடத்துகின்றன என்பதைவிட, மூன்று பெரும் போர்களில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே பக்கத்தை எழுதுவதற்கு உட்கார முடிந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பின்லாந்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு வயதில் தொடங்கும் பள்ளி, 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிட இடைவேளை, மேல்நிலைக் கல்வி முடிவில் மட்டும் ஒரே ஒரு தேசியத் தேர்வு, முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் என்று சொல்லப்படுவதெல்லாம் உண்மை. ஆனால் 2000களின் தொடக்கத்தில், 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பிசா தேர்வில் முன்னணியில் இருந்த அந்த நாட்டின் மதிப்பெண்களும் பின்னர் தொடர்ந்து இறங்கின என்பதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள் சொல்வதில்லை. மண்ணை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டுவர நினைக்கும் கல்விச் சுற்றுலாக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. விருந்தினருக்குக் காட்டப்படும் பள்ளி எந்த நாட்டிலும் அந்த நாட்டின் சராசரிப் பள்ளியாக இருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பயணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் சொல்லாத பாடசாலை ஒன்று விமான நிலையத்தின் குடிநுழைவு வரிசை. ஒரு கடவுச்சீட்டுக்காரர் தானியங்கி வாயிலில் நொடியில் கடந்துபோக, இன்னொருவர் வங்கிக் கணக்கு முதல் திரும்பும் பயணச்சீட்டு வரை எல்லாவற்றையும் எடுத்துக்காட்டி நிற்கிறார். உலகம் சுருங்கிவிட்டது என்று வகுப்பில் சொல்லும்போது, யாருக்குச் சுருங்கியது என்ற கேள்வியையும் நான் இப்போது சேர்த்தே கேட்கிறேன்.

வகுப்பறையில் மாறியவை பார்வைக்குச் சிறியவை. “ஆப்பிரிக்காவில்” என்று தொடங்கும் விடையை எந்த நாட்டில் என்று கேட்காமல் விடுவதில்லை; 54 நாடுகள் கொண்ட கண்டத்தை ஒரே ஊரைப் போலப் பேசுவதை நிறுத்துவதற்கே ஒரு பருவம் ஆகிறது. 1569இல் மாலுமிகளுக்காக மெர்காட்டர் வகுத்த முறையில் வரைந்த வரைபடத்தில் ஆப்பிரிக்காவும் கிரீன்லாந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிவதையும், உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது என்பதையும் மாணவர்களே அளந்து கண்டுபிடிக்கிறார்கள். போரைப் பற்றிய பாடம் வந்தால், இதையே எதிர்த்தரப்பு நாட்டு மாணவர் எப்படிப் படிப்பார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். காரணம் கேட்டுப் பழகிய மாணவர் நெட்டுருப் போட்டவரைவிட நெடுவினாக்களை நன்றாக எழுதுகிறார் என்பதைப் பார்த்திருக்கிறேன். “நம் பாடநூலில் விடுபட்டவர்கள் யார்?” என்று மாணவர்கள் திருப்பிக் கேட்கும்போது ஆசிரியரின் பாடுதான் கடினமாகிறது.

பயணம் செய்ய வசதியில்லாத ஆசிரியர்களே பெரும்பான்மையோர். அவர்களுக்கும் இதில் பெரும்பகுதி கிடைக்கும். பல நாடுகள் தங்கள் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. நான் சொன்ன நினைவகங்கள் பலவற்றின் ஆவணங்களையும் சாட்சியங்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேற்று நாட்டு வகுப்பு ஒன்றோடு இணையவழியில் கூட்டாகப் பாடம் நடத்தவும் முடியும். ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு நாட்டுப் பாடநூல்களிலிருந்து ஒவ்வொரு பக்கத்தை எடுத்து ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள். தொடக்கத்துக்கு இரண்டாம் உலகப்போர் எளிது, ஏனெனில் பொருள் ஏராளமாகக் கிடைக்கும். காலனிய வரலாறு கடினமானது. ஆண்ட நாடுகளின் பாடநூல்களில் அது எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று மாணவர்கள் கண்டதும் வகுப்பில் கோபம் எழும், அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதை ஆண்டின் பிற்பாதிக்கு வைத்துக்கொள்வது நல்லது.