நரம்பு நோய்களில் ஸ்டீராய்டு: கேட்டவர்களுக்கு ஒரு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

முகவாதத்துக்கு ஸ்டீராய்டு எத்தனை நாள் கொடுக்கலாம், சார்? (பயிற்சி மருத்துவர்)

முதலில் நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். வாய் கோணியும் நெற்றி நன்றாகச் சுருங்கினால் பக்கவாதமா என்று பார்க்க வேண்டும். முக நரம்பு மட்டும் செயலிழக்கும் முகவாதம்தான் என்றால் 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 50 மி.கி. தொடங்குங்கள்; 10 நாள் போதும். 2007-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் இப்படிச் சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு 9 மாதத்தில் முகம் முழுதாகத் திரும்பியது, சாப்பிடாதவர்களில் 82. இரவில் கண்ணை மூடி ஒட்டச் சொல்ல மறக்காதீர்கள்.

ஜிபிஎஸ் (கில்லன்-பாரே, உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) நோயாளிக்கும் கொடுக்கச் சொல்லி வீட்டார் கேட்கிறார்கள்.

வேண்டாம். அதில் ஸ்டீராய்டு பலன் தராது. ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின்) அல்லது பிளாஸ்மா மாற்றம்தான்.

மயஸ்தீனியாவுக்கு (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) பிரெட்னிசோலோன் 60 மி.கி. தொடங்கினேன். ஒரு வாரத்தில் விழுங்க முடியவில்லை என்கிறார். மருந்து மாறிவிட்டதா? (பொது மருத்துவர்)

மருந்து சரிதான், தொடக்கம்தான் அதிகம். முதல் இரண்டு வாரத்தில் பலவீனம் கூடுவது இந்த நோயில் தெரிந்த விஷயம். வெளிநோயாளி என்றால் 10 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். இவரை இன்றே மருத்துவமனையில் சேருங்கள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பாருங்கள். 20-க்குள் திணறினால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் பாதுகாப்பு.

தொடங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மார்பு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி, பிரஷர், சுகர். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அப்புறம், காலையில் மாத்திரை சாப்பிடுபவருக்கு வெறும் வயிற்றுச் சுகர் சரியாகவே காட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால்தான் ஏறியிருப்பது தெரியும்.

டாக்டர், என் அம்மா நாலு மாதமாக 20 மி.கி. சாப்பிடுகிறார். முகம் ஊதிவிட்டது என்று நேற்றே நிறுத்திவிட்டார்.

இன்றே பழைய அளவைத் தொடரச் சொல்லுங்கள் அம்மா, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமும் உடனே பேசுங்கள். இத்தனை நாள் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால், அதை உடம்பிலேயே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டிருக்கும். வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய் முதல் வார்த்தையாக "ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்று சொல்லுங்கள். முகம் ஊதியது அவருக்கு எவ்வளவு வேதனை என்று புரிகிறது. மெல்ல மெல்ல அளவு குறையும்போது அதுவும் வடியும்.

மருத்துவர்கள் அதிகம் செய்யும் தவறு எது?

நிறுத்தும் நாளை எழுதாதது. மடிப்பில் கிழிந்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டிய சீட்டு ஒன்றை ஒரு பெரியவர் என்னிடம் நீட்டினார். "தினம் 4 மாத்திரை" என்று மட்டும் இருந்தது. அதைக் காட்டியே ஒன்றரை வருடம் மெடிக்கலில் வாங்கியிருக்கிறார். முன்கையெல்லாம் நீலம் பாரித்து, முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் நாளே எழுத வேண்டும். அவருக்கு அதுவும் இல்லை. இப்போது நான் எந்த வாரம் எத்தனை மாத்திரை என்று தேதி போட்டு எழுதி, கடைசி வரியில் "இதற்குப் பிறகு வாங்க வேண்டாம்" என்று தமிழில் எழுதித் தருகிறேன்.