ஒரே மாத்திரை, அவருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லையே?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் தைராய்டு குறைவு. இருவருக்குமே தைராக்சின் 75 மைக்ரோகிராம்தான். அவர் ஐந்தரைக்கு மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஏரிக்கரையில் நடக்கப் போய்விடுவார். நான் மாத்திரை போட்டதும் கையோடு காபி குடித்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்ப்பேன். டிபன் ஆனதும் கால்சியம் மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் அவருக்கு டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், மருந்து போதாவிட்டால் கூடும்) சரியாக இருக்கிறது, எனக்கு 9ஐ விட்டு இறங்கவில்லை. பெண்கள் உடம்பில் மருந்து சரியாகச் சேராது என்கிறார்கள். நிஜமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ‘கையோடு காபி’ என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

தைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து. வெறும் வயிற்றில் சாப்பிட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். காபி குடித்தால் அதுவும் குறையும். கால்சியம் இன்னும் மோசம்: குடலில் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து மலத்தோடு போய்விடும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கிற மருந்தில் கொஞ்சம் குறைந்தாலும் ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

உங்கள் கணவருக்கு அந்த நடை தானாகவே இடைவெளி கொடுத்துவிடுகிறது. அவர் திரும்பி வரும்வரை வயிற்றில் தண்ணீரும் மாத்திரையும்தான். உங்களுக்கோ டிகாஷன் இறங்கியதுமே நாள் தொடங்கிவிடுகிறது. என்னிடம் வரும் நிறைய பெண்களுக்கு இதே கதைதான். எல்லாருக்கும் பரிமாறுகிறவருக்கு அரை மணி நேரம் சும்மா இருக்க வாய்ப்பே இல்லை. இதை வீட்டில் பேசிச் சரிசெய்யுங்கள். முதல் காபியை அவர் வந்து கலக்கட்டும்.

அதற்காக, ஆண் பெண் வித்தியாசமே கிடையாது என்று சொல்லவில்லை. பெண்களுக்குச் சராசரியாக இரைப்பை மெதுவாகக் காலியாகும், அமிலமும் சற்றுக் குறைவு. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்கள் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது என்று தெரிந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதே துறைதான் 1977இல், குழந்தை பெறும் வயதுள்ள பெண்களை ஆரம்பக்கட்ட மருந்து ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. தைராக்சினைப் பொறுத்தவரை, கர்ப்பகாலத்திலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை சாப்பிடும்போதும் பெண்களுக்குத் தேவை கூடும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உங்கள் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை, அப்புறம் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் வேறு எதுவும் வேண்டாம். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் முடியவே முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். இந்த வெறும் வயிற்றுக் கணக்கை மற்ற மாத்திரைகளுக்கும் போட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் வயிறு தாங்கும்.

மாத்திரை அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். காபி பழக்கத்தோடே அளவைக் கூட்டிவிட்டு, பிறகு ஒருநாள் பழக்கம் மாறினால் மருந்து மிஞ்சிப் படபடப்பு வரும், எலும்பும் தேயும். ஆறு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு டி.எஸ்.ஹெச். பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் உங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வயிற்றெரிச்சலுக்கு வாங்கிப் போடுகிற மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.