காலில் எரியும் மெக்னீசியம் தெளிப்பு: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். மெக்னீசியம் உப்பையும் நீரையும் சம அளவில் கலந்து, கெண்டைக்கால் பிடிப்புக்காக இரவில் தெளித்தால் எரிச்சலும், காய்ந்தபின் வெள்ளைப் பொடியும் வருவதாக எழுதியிருந்தீர்கள். பொடி படிவதைப் பார்த்தால், உங்களிடம் இருப்பது மெக்னீசியம் குளோரைடு அல்ல, எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு சிட்டிகையைத் தட்டில் இரவு முழுவதும் திறந்து வையுங்கள். குளோரைடாக இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசகசவென்று நீர்த்துவிடும், எப்சம் உப்பு உலர்ந்தே கிடக்கும்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கரைசலின் அடர்த்திதான். கொதித்து ஆறிய நீர் மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு என்று குறைத்து, முதலில் முழங்கைக்குக் கீழே சிறிய இடத்தில் தெளித்துப் பார்த்து, 20 நிமிடங்களில் கழுவிவிடுங்கள். மழித்த அன்றும், கீறலோ வெடிப்போ உள்ள இடத்திலும் தெளிக்கவே வேண்டாம். தடிப்பு எழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தோல் வழியாக மெக்னீசியம் போதிய அளவு உடலில் சேர்வதற்கு வலுவான சான்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே பிடிப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவரானால், தெளிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.