கர்னலாக ஓய்வு பெற்றவர் தேர்தல் ஆணையர் ஆகலாமா?

வேலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கதேசத்தில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் தேர்தல் ஆணையராக இருக்கிறார், இங்கேயும் முடியும், டெல்லியில் ஆள் இருக்கிறது என்று சொல்லி ஒருவர் ஃபைல் செலவுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் தம்பி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஆள் போனையே எடுக்க மாட்டார்.

வங்கதேசக் கதை உண்மைதான். சனாவுல்லா என்ற ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல் 2024 நவம்பரில் அங்கே ஆணையரானார். 2007-ல் வந்த சகாவத் உசேனும் அதே ரகம். அங்குள்ள 2022 சட்டத்துக்கு 50 வயதும் முக்கியப் பணியில் 20 வருட அனுபவமும் போதும், பெயர்களையும் வெளிப்படையாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

இங்கே தேர்தல் ஆணையர் நியமனத்துக்கான 2023 சட்டம் கேட்பது, மத்திய அரசுச் செயலாளருக்கு இணையான பதவியில் இருப்பவர் அல்லது இருந்தவர், அதோடு தேர்தல் நடத்திய அனுபவமும். செயலாளர் சம்பளம் மாதம் 2,25,000 ரூபாய். ராணுவத்தில் அந்தச் சம்பளம் துணைத் தளபதி, பிராந்தியத் தளபதிகள் மட்டத்தில்தான் வரும், கர்னல் அதற்குப் பல படி கீழே. இதுவரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர்களில் ராணுவ அதிகாரி ஒருவர்கூட இல்லை.

அந்த ஆள் உங்களிடம் ஒரு ஜெராக்ஸ் காட்டியிருப்பார், இந்தச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் மஞ்சள் மார்க்கர் பூசி. முதலில் பெயர்களைச் சலித்துத் தரும் தேடல் குழுவின் 5 பேர் பட்டியலில் இல்லாத வேறொருவரையும், ஆளை முடிவு செய்யும் தேர்வுக் குழு பரிசீலிக்கலாம் என்று அதில் இருப்பது நிஜம். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் விலக்கு, தகுதிக்கு இல்லை. வெளியிலிருந்து யாரை எடுத்தாலும் அவரும் செயலாளர் அந்தஸ்தில் இருந்தவராக இருந்தாக வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், பட்டியலுக்கு மட்டும்தான் விலக்கு. இந்த ஒரு வரியைக் காட்டித்தான் காசு பிடுங்குகிறார்கள்.

இதற்கு விளம்பரமும் கிடையாது, விண்ணப்பமும் கிடையாது, அப்புறம் எந்த ஃபைலை இவர் நகர்த்தப் போகிறார்? தேர்வுக் குழுவில் இருப்பது பிரதமர், அவர் நியமிக்கும் ஓர் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். தலைமை நீதிபதியும் இருக்கட்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, அதே வருடம் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். 2024 மார்ச் தேர்வில் எதிர்க்கட்சி சார்பில் உட்கார்ந்த அதீர் ரஞ்சன் சௌத்ரி, முதல் நாள் ராத்திரி 212 பெயர் வந்தது, கூட்டத்துக்குச் சற்று முன்னால்தான் 6 பேர் பெயர் கைக்கு வந்தது என்றார். உள்ளே இருந்தவர் கதியே இது, இதில் வேலூர் புரோக்கர் என்ன செய்வார்?

உருப்படியாக ஒன்று செய்யுங்கள். அப்பா பணியில் இருந்தபோது சர்வீஸ் வாக்காளராக, அதாவது ராணுவத்தினருக்கான தனிப் பட்டியலில் பதிந்திருந்தால், ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக வந்துவிடாது. பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்க வேண்டும். ஆன்லைனிலேயே போடலாம், கட்டணம் கிடையாது. இதற்கும் 500 ரூபாய் கேட்க ஆள் வரும்.