மூன்று லிட்டர் சொத்தேர்ன்

அன்புள்ள அண்ணா,

நான் பிரான்சில் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறேன். வேறு நிறுவனத்துக்கு மாறியபோது பழைய அலுவலக நண்பர்கள் எல்லோரும் காசு போட்டு ஒரு ஒயின் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். 2009ஆம் வருடத்து சொத்தேர்ன் என்ற இனிப்பான வெள்ளை ஒயின், 3 லிட்டர். இணையத்தில் விலையைப் பார்த்ததிலிருந்து அதைத் தொடவே பயமாக இருக்கிறது. மனைவி குடிப்பதில்லை. நானும் எப்போதாவது ஒரு கிளாஸ்தான். திறந்தால் மீதி வீணாகுமே என்று கவலை. விற்றுவிடு என்கிறார் ஒரு நண்பர். மகளுக்கு இப்போது 11 வயது, அவள் கல்யாணத்துக்கு வைத்திரு என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?

வாசகர், துலூஸ்

அன்புள்ள நண்பருக்கு,

திறந்துவிடுங்கள். இந்த வருடமே திறங்கள். அந்தப் பாட்டிலை வாங்கிக் கொடுத்தவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

உங்கள் ஊர் வழியாகப் போகும் அதே கரோன் ஆறுதான் கீழே போர்தோ நகரத்தை நெருங்கும் இடத்தில், இந்த ஒயினுக்குப் பெயர் கொடுத்த சொத்தேர்ன் ஊர்ப் பக்கமாக ஓடுகிறது. அங்கே சிரோன் என்ற சிற்றாறு அதில் வந்து சேர்கிறது. சிரோனின் தண்ணீர் குளிர்ச்சியானது, கரோன் அதைவிட வெதுவெதுப்பானது. அதனால் இலையுதிர்காலத்தில் காலையில் மூடுபனி எழுந்து தோட்டங்களை மூடும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சையின் தோலைத் துளைக்கிறது. மதியம் வெயில் வந்தால் பழத்திலுள்ள தண்ணீர் வற்றி, சர்க்கரையும் மணமும் திரண்டு நிற்கும். வெயில் வராவிட்டால் அதே பூஞ்சை பழத்தை வெறுமனே அழுக வைத்துவிடும். எல்லாப் பழமும் ஒரே நாளில் இந்தப் பக்குவத்துக்கு வராது. பறிப்பவர்கள் ஒரே தோட்டத்துக்குள் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய், சுருங்கிய பழங்களை மட்டும் எடுக்கிறார்கள். அங்கே மிகப் பெயர்பெற்ற ஷத்தோ திகெம் பண்ணையில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று கணக்குச் சொல்வார்கள். 2012இல் பழம் சரியில்லை என்று அந்தப் பண்ணை தன் பெயரில் சொத்தேர்னே வெளியிடவில்லை. இவ்வளவு பேர் குனிந்து பறித்த ஒன்று உங்கள் அலமாரிக்கு மேல் விலைச்சீட்டாக உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், 3 லிட்டர் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். இதைச் சாதாரண ஒயின் மாதிரி ஊற்றக் கூடாது. ஒருவருக்கு 75 மில்லி போதும், அதற்கு மேல் பலரால் குடிக்கவும் முடியாது. அப்படிப் பார்த்தால் உங்களிடம் இருப்பது நாற்பது பேருக்கான பாட்டில். அலுவலக நண்பர்கள், அவர்கள் வீட்டார், உங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் என்று கூட்டினால் அந்த எண்ணிக்கை சுலபமாக வந்துவிடும்.

கல்யாணத்துக்கு வைப்பதைப் பற்றி. 2009 சொத்தேர்னுக்கு மிக நல்ல வருடம். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து அதைக் காப்பதால் இன்னும் இருபது வருடம் அது தாங்கும். பாட்டில் பெரிதாக இருந்தால் முதிர்வதும் மெதுவாகவே நடக்கும். ஆனால் அதற்கு இருட்டும், வருடம் முழுக்க 12, 13 டிகிரி குளிர்ச்சியும் வேண்டும். துலூஸின் கோடையில் அடுக்குமாடி வீட்டு அலமாரி அதற்கு லாயக்கில்லை. தவிர, மூன்று லிட்டருக்கும் ஒரே கார்க். அது கெட்டிருந்தால் மொத்தமும் போச்சு. மகள் வாழ்க்கையின் பெரிய நாளை அந்த ஒரு கார்க்கை நம்பி வைக்காதீர்கள். விற்பதும் வேண்டாம். வாங்குபவர் முதலில் கேட்பது இதுவரை எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்பதைத்தான். அதைவிட, பத்துப் பேர் சேர்ந்து உங்களுக்கென்று தேர்ந்தெடுத்தது அது.

விருந்தைப் பற்றி ஒன்று உறுதியாகச் சொல்வேன். இதைக் கடைசியில் கேக்கோடு கொடுக்காதீர்கள். எல்லோரும் வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் ருசி தெரியாது. ஒயினைவிட இனிப்பான எதையும் கூடவே சாப்பிட்டால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். குலாப் ஜாமூனும் பாயசமும் அப்படித்தான் செய்யும், அவற்றை வேறு நேரத்துக்கு வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், உப்பாக எதையாவது வைத்து ஊற்றுங்கள். உங்கள் ஊரிலிருந்து சில மணி நேர தூரத்தில்தான் ரொக்ஃபோர் சீஸ் செய்கிறார்கள். நீலப்பூஞ்சை ஓடிய அந்த உப்புச் சீஸும் இந்த இனிப்பும் சேர்வதை ஒருமுறை ருசித்தால் போதும், நான் இங்கே வாதாட வேண்டியிருக்காது. வறுத்த முந்திரி வையுங்கள். போர்தோ பக்கத்தில் முழுக் கோழியை ஓவன் அடுப்பில் சுட்டு இதோடு சாப்பிடுவார்கள். நம் வீட்டு மிளகுக் கோழியும் நன்றாகவே சேரும், காரத்தை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், அடியில் வண்டல் இருந்தால் இறங்கிவிடும். உங்கள் ஃபிரிட்ஜில் அது நுழையாது. பெரிய வாளியில் தண்ணீரும் ஐஸும் கலந்து கழுத்துவரை அமிழ்த்துங்கள், வெறும் ஐஸைவிட அதுதான் சீக்கிரம் குளிர்விக்கும். 10 டிகிரி வாக்கில் இருந்தால் போதும், ரொம்பக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். இந்தப் பாட்டிலைச் சாய்த்து கிளாஸில் ஊற்றுவது ஒருவரால் ஆகாத வேலை. முதலில் கண்ணாடி ஜாடிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விருந்தினரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சிறிய கிளாஸில் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும், நீரிழிவு உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் இந்த வகையில் சிவப்பு ஒயினைவிட அதிகம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மீந்தால்? 375 மில்லி அரை பாட்டில்கள் சிலவற்றைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்துத் தயாராக வைத்திருங்கள். பாட்டிலைத் திறந்தவுடனேயே, விருந்து தொடங்குவதற்கு முன்பே, மீதமாகும் என்று தோன்றும் அளவை அவற்றில் விளிம்புவரை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் சில வாரம் கெடாது. ஜாடியில் மிஞ்சியதும் மூடி வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். வர முடியாமல் போன நண்பர்களுக்கு அந்த அரை பாட்டில்களைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சீக்கிரம் குடித்துவிடச் சொல்லுங்கள்.